பழைய படத்துக்கு முன்னுரை சொல்ல ஆள் தேவையா? எல்வி யோஸ்டின் சனிக்கிழமை இரவுகள்

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் மூத்தோர் மன்றம் மாதம் ஒரு பழைய தமிழ்ப் படம் திரையிட நினைக்கிறது. படத்துக்கு முன்னும் பின்னும் யாராவது பேச வேண்டும் என்கிறார்கள் சிலர். படத்தைப் போட்டால் போதும், பேச்சு எதற்கு என்கிறார்கள் வேறு சிலர். டிவிஓ தொலைக்காட்சியில் முன்பு சனிக்கிழமைதோறும் ஒருவர் இப்படிப் பேசிப் படம் காட்டினார் என்று கேள்விப்பட்டோம். அது என்ன நிகழ்ச்சி, எப்படி நடந்தது?

பதில்:

பேச ஆள் கட்டாயம் வேண்டும். அந்த வேலையை மிக நன்றாகச் செய்து காட்டிய மாகாணத்திலேயே நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்பதால், அந்தக் கதையை முழுமையாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட நிகழ்ச்சியின் பெயர் 'சாட்டர்டே நைட் அட் தி மூவீஸ்'. 1974 மார்ச் 30 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் கல்வித் தொலைக்காட்சியில் தொடங்கி 2013 வரை ஓடியது. அதில் முதல் 25 ஆண்டுகள் எல்வி யோஸ்ட் என்ற ஒரே மனிதர்தான் தொகுத்து வழங்கினார். ஓர் இரவில் பெரும்பாலும் இரண்டு படங்கள். நடுவில் விளம்பரம் கிடையாது. இரண்டு படங்களுக்கும் இடையில் அந்தப் படங்களை எடுத்தவர்களுடனோ அவற்றில் நடித்தவர்களுடனோ நேர்காணல். வடிவம் அவ்வளவுதான்.

இந்த வடிவம் பிறந்ததற்குக் காரணம் ஒரு சட்டச் சிக்கல். கனடாவில் கல்வி மாகாண அரசின் பொறுப்பு, ஒலிபரப்பும் ஒளிபரப்பும் மத்திய அரசின் அதிகாரம். மாகாண அரசு தன் விருப்பத்துக்குத் தொலைக்காட்சி நடத்த முடியாது. கல்விக்காக என்றால் மட்டுமே வழி உண்டு. ஒன்டாரியோவில் கல்வி அமைச்சராக இருந்து பின்னர் மாகாண முதல்வரான பில் டேவிஸின் முயற்சியால் 1970இல் கல்வி ஒளிபரப்புக்கென ஓர் ஆணையம் அமைந்தது. டொராண்டோவில் 19ஆம் அலைவரிசையில் ஒளிபரப்பும் தொடங்கியது. பிற்காலத்தில் டிவிஒன்டாரியோ என்றும் சுருக்கமாக டிவிஓ என்றும் அறியப்பட்டது அந்த நிலையம்தான். இப்படிப்பட்ட நிலையம் ஹாலிவுட் படத்தை வெறுமனே எடுத்து ஓட்டிவிட முடியுமா? இதில் பாடம் எங்கே என்று கேள்வி வரும். படத்தைச் சுற்றி அமைந்த பேச்சுதான் அந்தக் கேள்விக்கு விடை. கட்டாயத்தால் வந்து சேர்ந்த பேச்சு, கொஞ்ச காலத்திலேயே நிகழ்ச்சியின் உயிராகிவிட்டது.

அதற்கு வாய்த்த ஆளும் அப்படிப்பட்டவர். எல்வி யோஸ்ட் 1925இல் டொராண்டோவை ஒட்டிய வெஸ்டனில் பிறந்தவர். அவ்ரோ விமான நிறுவனத்தில் வேலை பார்த்தார், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார், கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் வினாடி வினா வகை நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். கல்வித் தொலைக்காட்சிக்கு நிர்வாக வேலைக்குத்தான் வந்தார். இந்த நிகழ்ச்சியைத் தொடங்கியபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி, வட்ட முகம், அடக்க முடியாத உற்சாகம். பேசும்போது கைகளும் சேர்ந்து பேசும். ஒரு காட்சியை விவரிக்கத் தொடங்கினால் சிரிப்பு முந்திக்கொண்டு வரும். தொலைக்காட்சிக்கென்று பழக்கி எடுத்த குரல் அல்ல அது. வகுப்பில் தனக்குப் பிடித்த பாடம் வந்துவிட்ட ஆசிரியரின் குரல்.

முதல் இரவில் போட்டது இங்மார் பெர்க்மனின் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' என்ற சுவீடன் நாட்டுப் படம். தனித் தீவு, நான்கே நான்கு பாத்திரங்கள், அவர்களில் ஒரு பெண்ணுக்கு மனம் சிதைந்துகொண்டு வருகிறது. அந்தத் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். கனடாவில் சனிக்கிழமை இரவு என்றால் ஹாக்கி. 1952 முதல் சிபிசியில் சனிக்கிழமைதோறும் ஹாக்கி ஆட்டம் காட்டிவந்தார்கள், நாடே அதன் முன் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு கல்வி நிலையம் பெர்க்மனைப் போடுகிறது. வீடியோ கேசட் வீடுகளுக்கு வராத காலம். ஒரு பழைய படத்தைத் தவறவிட்டால் மறுபடி எப்போது பார்ப்போம் என்றே தெரியாது. வணிக அலைவரிசைகள் பழைய படங்களைப் போட்டாலும் விளம்பரத்துக்காக வெட்டித்தான் போடும். ஒரு படம் வெட்டுப்படாமல், மூச்சு முட்டாமல், முதலிலிருந்து கடைசிவரை வீட்டுக்குள் வருவதே அன்று பெரிய காரியம்.

இனி, இரண்டு படங்களைச் சேர்த்துப் போடுவதைப் பற்றி. உங்கள் மன்றத்துக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான். ஒரு படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் இரண்டும் மாறிப்போகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. ஓர் ஊர், இரண்டு கும்பல், இரண்டிடமும் கூலி வாங்கிக்கொண்டு இரண்டையும் மோதவிடும் நாடோடி வாள்வீரன். மூன்று ஆண்டுகள் கழித்து இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே அதே கதையைத் துப்பாக்கியும் குதிரையுமாக 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' என்று எடுத்தார். அனுமதி வாங்கவில்லை. 'யோஜிம்போ'வைத் தயாரித்த ஜப்பானின் டோஹோ நிறுவனம் வழக்குப் போட்டது. கடைசியில் வருவாயில் பங்கு கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் 1967இல்தான் வந்து சேர்ந்தது. இந்த இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் பத்து நிமிடம் இந்த வழக்கின் கதையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது படம் தொடங்கும்போது பார்வையாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எதை எடுத்துக்கொண்டான், எதை விட்டுவிட்டான், வாளின் இடத்தில் துப்பாக்கி வந்ததும் காத்திருப்பு எப்படி நீள்கிறது என்று தாங்களாகவே கவனிக்கத் தொடங்குவார்கள். பாடம் நடத்தாமலே பாடம் நடக்கும்.

இரண்டு படங்களுக்கு நடுவில் வந்த நேர்காணல்கள் நிகழ்ச்சியின் பொக்கிஷம். யோஸ்டும் அவருடைய குழுவினரும் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பேட்டிகளைப் பதிவு செய்தார்கள். நட்சத்திரங்கள், இயக்குநர்கள் மட்டுமல்ல. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், திரைக்கதை எழுதியவர், இசையமைத்தவர், சண்டைக் காட்சிகளில் விழுந்து எழுந்தவர் என்று யாரையும் விடவில்லை. அந்தக் காலத்தை நினைவில் வையுங்கள். 1970களிலும் 80களிலும், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பெரிய ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். பலர் ஓய்வு பெற்று, யாரும் தேடி வராத வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் செய்த வேலையைப் பற்றி ஆசையோடு கேட்க ஒருவர் கேமராவுடன் வந்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள். பத்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தக் குரல்களில் பாதி கிடைத்திருக்காது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவை. தொலைக்காட்சி நிலையம் போடும் படம் அதற்குச் சொந்தமல்ல. விநியோகஸ்தரிடமிருந்து இத்தனை ஆண்டுக்குள் இத்தனை முறை காட்டலாம் என்று உரிமை வாங்குகிறது. காலம் முடிந்ததும் படம் போய்விடுகிறது. நேர்காணல் அப்படியல்ல, அது நிலையமே உருவாக்கியது. படம் வாடகைக்கு வந்தது, பேச்சுதான் டிவிஓவின் சொந்த முதல். 'பேச்செதற்கு' என்று கேட்கும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் எல்லாம் இன்று வேறு வழிகளில் கிடைக்கின்றன. அந்த இரவுகளில் வேறெங்கும் கிடைக்காததாக இருந்தது யோஸ்டும் அவர் கூட்டிவந்த மனிதர்களும் பேசியது மட்டுமே.

யோஸ்டின் மேல் ஒரு குறை நெடுநாள் சொல்லப்பட்டது. எந்தப் படத்தையும் குறை சொல்ல மாட்டார், எல்லாவற்றையும் அளவுக்கு மீறிப் புகழ்கிறார் என்பார்கள். அவருக்கு நேர் எதிரான ஒருவரும் உண்டு. பிரிட்டனில் பிபிசி 2 1988 மே மாதம் 'மூவிட்ரோம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஞாயிறு இரவுகளில், விளிம்பில் கிடந்த விசித்திரமான படங்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். தொகுப்பாளர் அலெக்ஸ் காக்ஸ், தாமே திரைப்பட இயக்குநர். தாம் அறிமுகப்படுத்தும் படத்தில் என்ன சரியில்லை என்பதை அந்தப் படம் தொடங்குவதற்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். 1994இல் அவர் விலக, 1997 முதல் 2000 வரை மார்க் கசின்ஸ் நடத்தினார். அந்த அறிமுகங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கிலாந்தில் இருக்கிறது. நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான 13ஆம் அலைவரிசையும் 2008 முதல் 'ரீல் 13' என்று சனிக்கிழமை இரவுகளில் ஒரு பழைய படம், ஒரு சிறு முதலீட்டுப் படம், ஒரு குறும்படம் என்று போட்டது. முதலில் விமர்சகர் நீல் கேப்லர், பிறகு நியூயார்க் திரைப்பட விழாவை நெடுங்காலம் நடத்திய ரிச்சர்ட் பேன்யா முன்னுரை சொன்னார்கள்.

காக்ஸின் நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் யோஸ்டின் வழியே உங்களுக்குப் பொருந்தும் என்பேன். பத்திரிகை விமர்சகர் பேசுவது டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவரிடம். முன்னுரை சொல்பவர் பேசுவது ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டவரிடம். உட்கார்ந்தவருக்குத் தீர்ப்பு தேவையில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் எங்கே கண்ணை வைப்பது, யாரைக் கவனிப்பது என்று தெரிந்தால் போதும். தமக்குப் பிடிக்காத படத்தைப் பிடித்ததாகப் பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காத படத்தை வேறொருவர் அறிமுகப்படுத்தட்டும்.

நல்ல முன்னுரை என்ன செய்யும் என்பதற்கு 'கேசபிளாங்கா'வைப் பாருங்கள். 1942இல் எடுத்த படம். நாஜிகளிடமிருந்து தப்பி மொராக்கோவில் வந்து சேர்ந்து, வெளியேறும் அனுமதிக்காக மதுவிடுதியில் காத்துக் கிடக்கும் அகதிகளின் கதை. அதில் ஒரு காட்சி. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, விடுதியில் இருப்பவர்கள் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி அவர்களை அமுக்கிவிடுகிறார்கள். ஓர் இளம்பெண் கண்ணீர் வழியப் பாடுவாள். நல்ல காட்சி, அப்படியே பார்த்தாலும் மனதைத் தொடும். படம் தொடங்கும் முன் ஒருவர் எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணாக நடித்த மேடலின் லெபோ, 1940இல் ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைவதற்கு முன் கணவருடன் தப்பி லிஸ்பன் வழியாக வந்தவர். அந்தக் கணவர் மார்செல் டாலியோ பிரான்ஸில் இயக்குநர் ழான் ரெனுவாரின் படங்களில் முக்கிய வேடங்களில் நடித்தவர், இந்தப் படத்தில் சூதாட்ட மேசையில் நின்று காய்களை நகர்த்தும் சிறு வேடம். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட் உண்மையில் நாஜிகளை வெறுத்து, யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தக் காட்சிக்கு வருகிறவர் வேறொரு காட்சியைப் பார்க்கிறார். விசாவுக்காகவும் விசாரணைத் தேதிக்காகவும் காத்திருந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் உங்கள் மன்றத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த மதுவிடுதி அந்நியமான இடமாகவே இருக்காது.

கவனித்தீர்களா, நான் கதையின் முடிவைச் சொல்லவில்லை. பின்னால் நின்ற மனிதர்களை மட்டும் சொன்னேன். முன்னுரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நீண்ட பேச்செல்லாம் படம் முடிந்த பிறகுதான், அப்போதுதான் எல்லோரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

யோஸ்ட் சனிக்கிழமையோடு நிற்கவில்லை. 'மேஜிக் ஷாடோஸ்' என்று வார நாட்களில் இன்னொரு நிகழ்ச்சியும் அதே 1974இல் தொடங்கியது. ஒரு முழுப் படத்தை அரை மணி நேரத் துண்டுகளாக்கி ஒரு வாரத்தில் காட்டி முடிப்பார்கள். பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழைய சினிமாவுக்குள் வந்தார்கள். படத்தைத் துண்டாக்குவது எனக்கு உவப்பில்லாத காரியம். ஆனால் ஒன்டாரியோவில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் யோஸ்டின் பெயரைச் சொன்னால் முகம் மலர்வதற்கு அந்த அரை மணி நேரமும் ஒரு காரணம்.

1999இல் அவர் ஓய்வு பெற்றார். கடைசியாகப் போட்ட படம் 'ஸ்பீட்'. வேகம் குறைந்தால் வெடித்துவிடும் பஸ்ஸின் கதை, 1994இல் வந்தது. பெர்க்மனில் தொடங்கியவர் இதில் முடித்ததைப் பார்த்து யாராவது புருவம் உயர்த்தினால், திரைக்கதை எழுதியது யார் என்று பாருங்கள்: கிரஹாம் யோஸ்ட், அவருடைய மகன். இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களின் படங்களைக் கொண்டாடியவர், மகன் எழுதிய படத்தை அறிமுகப்படுத்திவிட்டு விடைபெற்றார். 2011 ஜூலையில் மறைந்தார்.

அவருக்குப் பின் சிபிசி வானொலியின் ஷீலா ராஜர்ஸ், பத்திரிகையாளர் ஜொஹானா ஷ்னெல்லர், விமர்சகர் தாம் எர்ன்ஸ்ட் என்று கைமாறி நிகழ்ச்சி தொடர்ந்தது. 2012 டிசம்பரில் செலவுக் குறைப்பு என்று சொல்லி நிறுத்தப்போவதாக டிவிஓ அறிவித்தது, அடுத்த ஆண்டோடு முடிந்தது. படங்கள் எங்கும் கிடைக்கும் காலத்தில் இது எதற்கு என்ற எண்ணம் அப்போது பரவலாகவே இருந்தது. அந்த முடிவு தவறு என்றே கருதுகிறேன். எல்லாப் படமும் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில்தான் எதைப் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்று சொல்ல ஆள் அதிகம் தேவைப்பட்டது. வாடகைப் படத்தின் செலவைப் பார்த்துச் சொந்தப் பேச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

இனி உங்கள் திரையிடலுக்கு வருகிறேன். முதலில், பொது இடத்தில் படம் காட்ட உரிமை வாங்க வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கோ இணையச் சந்தாவோ அதற்குப் போதாது. நூலகத்தில் நடத்துவதானால் அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதல் படமாக 'அந்த நாள்' போடுங்கள் என்பது என் யோசனை. 1954, ஏவிஎம் தயாரிப்பு, வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட நேரத்தில் கதை நடக்கிறது. தொடங்கியதும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். யார் சுட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். இதற்கு ஜோடியாக அடுத்த மாதம் குரோசாவாவின் 'ரஷோமோன்', ஆங்கில வசன வரிகளோடு. ஒரே சம்பவத்தை நால்வர் நான்கு விதமாகச் சொல்லும் அந்தப் படம் 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. 1952இல் இந்தியாவில் நடந்த முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது, அந்த விழா சென்னைக்கும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு உங்கள் மன்றத்தில் பேச்சை நிறுத்துவதுதான் சிரமமாக இருக்கும்.

பேசுவதற்கு நிபுணரைத் தேடி அலைய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ராணி, மனோகரா, வின்ட்சர், வெலிங்டன் தியேட்டர்களில் முதல் காட்சி பார்த்தவர்கள் உங்கள் நடுவிலேயே இருப்பார்கள். டிக்கெட் கிழித்தவர், புரொஜெக்டர் ஓட்டியவர், சுவரொட்டி ஒட்டியவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. படத்துக்குப் பின் அவர்களை முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். வரிசை எவ்வளவு தூரம் நின்றது, ரீல் அறுந்தால் என்ன செய்தீர்கள், பெண்களுக்குத் தனி இருக்கைகள் இருந்தனவா என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெரிய கேள்விகளுக்குப் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும். கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஒலி தெளிவாக இருக்கச் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவரின் பெயர், தேதி, படத்தின் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களை முதல் மாதத்திலேயே அழையுங்கள், அடுத்த ஆண்டுக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

'அந்த நாள்' அன்று முன்னுரை சொல்பவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பாட்டில்லாததைச் சொல்லலாம், குண்டு விழுந்த வரலாற்றைச் சொல்லலாம். யார் சுட்டது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்றுதான் முதல்முறை பார்ப்பார்கள்.